யாரும் நிற்கக் கூடாது

எங்கள் நிதி நிறுவனம் எப்படி வளர்ந்தது என்று முதலாளியைக் கேட்டால் நம்பிக்கை, நாணயம் என்று ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார். அத்தனை வருடமும் கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் நான். என்னைக் கேட்டால் நாற்காலியால் வளர்ந்தது என்பேன். அந்த நாற்காலிகளைக் கட்டி மேய்த்தவர் முன்கூடத்து அக்கா.

அச்சகத்து மாடியில் ஒற்றை அறையாக இருந்தபோதே அக்கா வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முதல் நாளே முதலாளி சொன்னார்: "வர்றவங்க நின்னா அது வரிசை. பணம் போட்ட இடத்துல வரிசையப் பார்த்தா ஜனங்களுக்குப் பயம் வந்துடும். யாரும் நிக்கக் கூடாது." அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். யார் படியேறினாலும், "உக்காருங்க, இதோ வந்துடுறேன்" என்று அமர்த்திவிடுவார். மகளின் படிப்பு, மூட்டுவலி எல்லாம் விசாரிப்பார். யாருக்குப் பின் யார் வந்தார் என்பதைத் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக என்னிடம் அனுப்புவார். ஒரு நாளும் முந்திப் பிந்திச் சண்டை வந்ததில்லை.

கூட்டம் பெருகியது, நாற்காலிகளும் பெருகின. வைப்புத்தொகையோடு நகைக்கடன் வந்தது, காப்பீடு வந்தது, பங்கு முதலீடும் வந்தது. அச்சகத்து மாடியை விட்டுக் கடைத்தெருவில் கண்ணாடி வைத்த மூன்று மாடிக்குப் போனோம்.

பணம் போட்டவர்களில் அக்காவின் தம்பியும் ஒருவன். தகடு வெட்டும் இயந்திரத்தில் வலது கை விரல்களைப் பறிகொடுத்தவன். அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டை வைத்து இரும்புக்கடை போட நினைத்திருந்தான். "நல்ல இடம் அமையுற வரைக்கும் எங்ககிட்ட இருக்கட்டும்டா, வட்டியாவது வரும்" என்று போட வைத்தது அக்காதான். முதல் தேதி தவறாமல் வட்டி வாங்க வருவான். இவன் அக்காவின் தம்பி என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இப்படி இருக்கையில் ஒரு புது மேலாளர் வந்து சேர்ந்தார். வாய்க்கு வாய் 'லுக்' என்பார். பழைய நாற்காலிகள் கூடத்தின் லுக்கைக் கெடுக்கின்றன என்று அத்தனையையும் பழைய சாமான் கடைக்கு ஏற்றிவிட்டார். சோபாக்கள் வர ஒரு நாள் தாமதம்.

"சார், நாளைக்கு முதல் தேதி" என்றார் அக்கா.

"ஒரு நாள் நின்னா காலா தேஞ்சிடும்?" என்றார் அந்தப் புண்ணியவான்.

மறுநாள் காலையில் வட்டி வாங்க வந்த பெரியவர்கள் நின்றார்கள். வேறென்ன செய்வார்கள்? வரிசை படியிறங்கி நடைபாதைக்குப் போனது. எதிரே பேருந்து நிறுத்தம். பேருந்திலிருந்து பார்த்தவன் வீட்டுக்குப் போன் போட்டான். "பைனான்ஸ்காரன் கடையச் சாத்தப்போறானாம்" என்று ஊர் முழுக்கப் பரவியது. உச்சி வெயிலில் வந்தவர்கள் யாரும் வட்டி கேட்கவில்லை. போட்ட முதலையே கேட்டார்கள்.

நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எந்த நிதி நிறுவனமும் மொத்தப் பணத்தையும் கல்லாவில் பூட்டி வைத்திருக்காது, பாதிக்கு மேல் கடனாக வெளியில் இருக்கும். முதலாளி தன் சொந்த வைப்பை உடைத்து எடுத்துவர வங்கிக்கு ஓடியிருந்தார். போன் அடித்தால் எடுக்கவில்லை.

"சர்வர் டவுன்னு சொல்லிடுங்க" என்று மேலாளர் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"அதைச் சொன்னா ஒரு கண்ணாடி மிஞ்சாது சார். உள்ள போங்க" என்றார் அக்கா.

அவரே வாடகைக் கடைக்குப் போன் செய்து வண்டி நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகளை வரவழைத்துப் போட்டார். "எல்லாரும் உக்காருங்க. யார் முன்ன, யார் பின்னன்னு எனக்குத் தெரியும்." ஒருவரும் அசையவில்லை. உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்ற பயம். "நீ உக்காரச் சொல்லுவம்மா, அப்புறம் எழுப்பி வெறுங்கையோட அனுப்புவ" என்று யாரோ கத்தினார்கள்.

அப்போது வரிசையின் தலைக்கு வந்திருந்தவன் தம்பி.

"அக்கா, நிஜத்தைச் சொல்லு. எடுத்துடவா?" மெதுவாகத்தான் கேட்டான். எனக்குக் கேட்டது.

அக்கா என்னைப் பார்த்தார். இழுப்பறையில் இருந்தது அவனுக்குக் கொடுக்கவே சரியாக இருக்கும், அவனுக்குப் பின்னால் நிற்பவருக்கு ஒன்றுமில்லை. கண்ணாலேயே சொன்னேன், அவருக்குப் புரிந்துவிட்டது. கூடமே அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. கூடப்பிறந்தவனே எடுத்துக்கொண்டு போனால் அத்தோடு எங்கள் கதை முடிந்தது. எடுக்காமல் இருந்து, வங்கியிலிருந்தும் பணம் வராவிட்டால் அவன் கை போன காசு போயிற்று.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி, சிரித்துக்கொண்டே, "உனக்கென்னடா அவசரம்? ஒண்ணும் இல்ல, உக்காரு" என்றார்.

அவன் அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் நின்ற அம்மாள் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவர். நான் நோட்டுகளை வேண்டுமென்றே எச்சில் தொட்டு எச்சில் தொட்டு எண்ணி, தப்பாகிவிட்டது என்று மறுபடி எண்ணினேன். உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்கு அக்கா மேல் கோபம்தான். என் தம்பியாக இருந்தால் எடுத்துக்கொண்டு ஓடுடா என்றிருப்பேன்.

கடைசியில் முதலாளி வியர்த்து விறுவிறுத்துப் பைகளோடு வந்தார். பைகளைப் பார்த்ததும் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் எடுத்த சிலர் அசடு வழியத் திரும்பப் போட்டார்கள். கேட்டவருக்கெல்லாம் கொடுத்த நிறுவனம் என்று பெயர் பரவியது. அந்தப் பெயரில்தான் கிளை கிளையாகத் திறந்தோம்.

தலைமை அலுவலகத் திறப்பு விழாவில் முதலாளி மைக்கைப் பிடித்தார். "அன்னைக்குக் கல்லா காலி. பணம் கிடைக்குமான்னு எனக்கே தெரியாது. அது தெரிஞ்சும் இந்தம்மா சொந்தத் தம்பியவே உக்கார வச்சாங்க. அவங்களாலதான் இன்னைக்கு நாம இருக்கோம்!" அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாவது வரிசையில் தம்பி மட்டும் எழவில்லை.

மறுநாள் வந்து முழுப் பணத்தையும் கேட்டான். இடது கையால் கையெழுத்துப் போட்டான்.

"இப்ப எதுக்குடா? கம்பெனி மலை மாதிரி நிக்குதே" என்றார் அக்கா.

"கம்பெனி மேல எனக்குப் பயம் இல்லக்கா" என்றான். பணத்தை எண்ணாமலே எடுத்துக்கொண்டு போனான்.

இரும்புக்கடை நன்றாகத்தான் ஓடுகிறது. அக்கா இப்போது எல்லாக் கிளைகளுக்கும் பொறுப்பு, கார் கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை நானும் கூடப் போய்த் தம்பி வீட்டு வாசலில் இறங்கினேன். முன்பெல்லாம் அந்த வீட்டில் அக்கா நேராக அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பவர். அன்றும் அந்தப் பக்கம் திரும்பினார். அதற்குள் தம்பி கூடத்தில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்க, இதோ வந்துடுறேன்" என்றான்.

அக்கா உட்கார்ந்தார். அவன் வர வெகுநேரம் ஆயிற்று.