ஒரே சுவரில் இரண்டு கை

தாம்பரம் பக்கம் வந்து நாலு வருஷம் ஆகியும் எனக்குப் பழகாத ஒன்று, காலையில் ஆள் எண்ணுகிற வரிசை. முடிச்சூரில் நாங்கள் கட்டுகிற அடுக்குமாடியின் வாசலில் கொத்தனார்கள் ஒரு பக்கம் நிற்பார்கள், சித்தாள்கள் ஒரு பக்கம். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சேலையைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் என்னோடு வேலை செய்த உங்களுக்கு இது விளங்காது. அங்கே நம் பஞ்சாயத்துப் பெண்கள் குழுவில் கல் சுமந்ததும் நாம்தான், சுவர் எழுப்பியதும் நாம்தான். முதலில் அங்கேயும் சிரித்தார்கள். நாலாவது வீடு முடிந்த பிறகு சிரிப்பு நின்றது. பதினேழு வருஷம் பூச்சுவேலை செய்தேன். தமிழ் பேசுகிறவள் என்பதால் முதுகுக்குப் பின்னால் பாண்டிக்காரி, நேரில் மேசன் சேச்சி, அதாவது கொத்தனார் அக்கா.

வீட்டுக்காரர் இறந்த பிறகு மகள் வீட்டுக்கு வந்தேன். இங்கே என் பெயர் மலையாளத்து ஆயா. வேலைக்குச் சேர்ந்த அன்று, எனக்குப் பூசத் தெரியும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். “நீ கரண்டி புடிச்சா செவுரு சிரிக்கும் ஆயா. போய் கலவ தூக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. என் பூச்சுக் கரண்டி பழைய துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையின் அடியிலேயே கிடந்தது. மகளும் சொல்லியிருந்தாள்: “சும்மா இரும்மா. இந்த வயசுல உன்ன நிறுத்திட்டா வேற யாரு சேத்துப்பாங்க?”

போன மாதம் கம்பெனி ஆபீஸிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். இந்தத் தொழிலில் பெண்களுக்கும் சம இடம் என்று போர்டு வைக்கப் போகிறார்களாம். மேஸ்திரி என்னைக் கைகாட்டினார். என் தலையில் ஹெல்மெட்டை வைத்தார். பீகாரிலிருந்து வந்த சுனில் கொத்தனார் சாப்பிடப் போயிருந்தான். அவன் கரண்டியை என் கையில் கொடுத்துச் சாரத்தில் ஏற்றிவிட்டார்.

“பூசற மாதிரி சும்மா நில்லுங்கம்மா, ஒரே நிமிஷம்” என்றாள் அந்தப் பெண்.

கலவையை அள்ளிய பிறகு கை சும்மா நிற்கவில்லை. வீசினேன். நாலு வருஷத்துக்குப் பிறகு கலவை சுவரில் ஒட்டுகிற சத்தம் கேட்டது. படம் எடுத்து முடித்து அவள் போவதற்குள் ஒரு ஆள் உயரத்துக்குப் பூசிவிட்டிருந்தேன்.

“எறங்கு ஆயா, படம் புடிச்சாச்சு” என்றார் மேஸ்திரி.

வெயில் நேராக அந்தச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. பாதியில் விட்டால் ஓரம் காய்ந்துவிடும். பிறகு பூசுகிற கலவை அதோடு சேராது. முதல் மழைக்கே அந்த ஒட்டில் விரிசல் விடும். அதைத் தெரிந்தவள் எப்படி இறங்குவது? “காயுதுங்க. முடிச்சிட்டு வர்றேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அத்த சொரண்டிப் போட்டுட்டு எறங்கு. இல்லன்னா நாளைலேர்ந்து வராத.”

சாரக்கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். கீழே நின்ற சித்தாள் செல்வி, மேஸ்திரிக்கு முகம் காட்டாமல் கலவைச் சட்டியை மேலே நீட்டினாள். “சீக்கிரம் பூசுக்கா. அந்தாளு கத்திகினு இருந்தா பரவால்ல, கத்தறத நிறுத்தினாதான் பேஜாரு.”

அப்போது சுனில் ஓடி வந்து சாரத்தில் ஏறினான். இந்தியில் ஏதோ வேகமாகச் சொல்லி, என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவன் சுவரின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து என்னை நோக்கிப் பூச ஆரம்பித்தான். நான் சும்மா நிற்பதைப் பார்த்து, நடுவில் இருந்த வெறுஞ்சுவரைக் கரண்டியால் தட்டிக் காட்டினான். செல்வியிடம் என் பையைக் கேட்டு வாங்கித் துண்டைப் பிரித்தேன். ஒரு ஓரம் தேய்ந்த என் கரண்டியை அவன் ஒருமுறை பார்த்தான், அவ்வளவுதான். ஈரம் காய்வதற்குள் நடுவில் வந்து சேர்ந்தோம்.

மேஸ்திரி மேலே வந்தார். மட்டப்பலகையைச் சுவரில் வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு இரண்டு பூச்சும் சேர்ந்த ஒட்டைத் தேடினார்.

“ஆயா பூசனது எது வரைக்கும்டா?”

“மாலூம் நஹி, மேஸ்திரி” என்றான் சுனில். தெரியாதாம். அவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை சோறு கட்டும்போது மகளிடம் எதுவும் சொல்லவில்லை. வாசலில் மேஸ்திரி பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சுனில்கூட பூச்சுக்குப் போ. பேரு சித்தாளு பட்டியல்லதான் கீது. அந்தாண்ட போய் நில்லு.”

போய் நின்றேன். இந்த வாரம் வாசலுக்கு மேலே அந்தப் போர்டு வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு நான் பூசுகிறேன். அதில் என் கையில் இருப்பது சுனிலின் கரண்டி. என்னுடையது கீழே, சித்தாள் வரிசையில், என் கையில் இருக்கிறது. துண்டு சுற்றுவதை விட்டுவிட்டேன்.