அண்ணை அனுப்பிய விண்ணப்பம்

உடுவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் புதன்கிழமை பின்னேரங்களில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஏழெட்டுப் பேர் வருவார்கள். எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. விண்ணப்பம் சொன்னவர் தானே அதற்காக ஜெபிப்பதில்லை. அடுத்த கதிரையில் இருப்பவர்தான் ஜெபிக்க வேண்டும். என் பாரத்தை இன்னொருவர் வாயால் கேட்கும்போது எனக்கு மனம் ஆறிவிடும்.

அப்பா போனபின் எங்களை ஆளாக்கிய அண்ணை, அமெரிக்காவில் குடியுரிமை பெற்று, ஒரு பெரிய சபையில் மூப்பராக இருக்கிறார். எங்கள் போதகர் யாருக்கு வாக்குப் போட வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணையின் சபையிலோ, நாட்டில் தேர்தல் வந்தால் பிரசங்கத்திலேயே அந்தக் கதை வந்துவிடுமாம். எந்த வேட்பாளர் எந்தப் பாவத்தை எதிர்க்கிறார் என்று தாள் அடித்து வாசலில் கொடுப்பார்களாம். தங்களைப் போன்ற சபைகளின் வாக்கு இல்லாமல் தாங்கள் ஆதரிக்கும் கட்சி வெல்லாது என்று பெருமையாகச் சொல்லுவார்.

கடந்த அமெரிக்கத் தேர்தலுக்கு முன் அவர் தொலைபேசியில் எடுத்தார்.

"தங்கச்சி, இந்தப் புதன் எங்கடை ஆளின்ரை வெற்றிக்கு ஜெபியுங்கோ. கருவிலை இருக்கிற பிள்ளையளை அழிக்கிறதை நிப்பாட்ட அவர்தான் நிக்கிறார்."

அண்ணை சொன்னால் நான் மறுத்து யோசிப்பதில்லை. எழுதி வைத்து, கூட்டத்தில் வாசித்தேன்.

"எங்கடை பிரதேச சபைத் தேர்தலுக்கே ஜெபிக்காத ஆக்கள் நாங்கள், அமெரிக்காவுக்கோ?" என்று எங்களில் இளையவரான தம்பி ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த கதிரையில் எங்கள் தெருவின் கடைசி வீட்டு அக்கா. அவவின் ஒரே மகன் பல நாடுகள் கடந்து எல்லை வழியாக அமெரிக்காவுக்குள் போனவன். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அப்படி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவேன் என்று மேடைக்கு மேடை சொன்னவர்தான் அண்ணையின் ஆள்.

"அக்கா, நீங்கள் விடுங்கோ. நான் ஜெபிக்கிறன்" என்றேன்.

"ஏன்? ஒழுங்கு ஒழுங்குதானே" என்றபடி அவ சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக் கண்ணை மூடினா. அந்த வேட்பாளரின் பேரையும் சொன்னா.

"ஆண்டவரே, அவரை உம்மடை கையிலை தாறன். கருவிலை இருக்கிற பிள்ளையளைக் காக்க நினைக்கிறாராம், நல்லது. பிறந்து வளந்த பிள்ளையளையும் அவரின்ரை கண்ணிலை காட்டும், அப்பா. என்ரை பிள்ளையின்ரை பைல் அவரின்ரை ஆக்களிட்டைப் போகேக்கை இரக்கம் தாரும்."

எல்லோரும் ஆமென் சொன்னோம்.

அடுத்த நாள் அண்ணை எடுத்தார். "ஜெபிச்சனீங்களோ?"

"ஓம் அண்ணை. பேர் சொல்லித்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அக்காவின் மகனைப் பற்றிச் சொல்லி, அவ ஜெபித்ததையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?"

"இல்லை அண்ணை. எனக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கு, அந்தப் பிள்ளைக்காக. இண்டைக்கு எனக்கு அடுத்த கதிரையிலை நீங்கள்தான் இருக்கிறியள்."

அந்தப் பக்கம் கதிரையைத் தள்ளும் சத்தம் வந்தது. அண்ணை சின்ன வயதிலிருந்தே முழங்காலில் நின்றுதான் ஜெபிப்பார்.

"பொடியன்ரை பேர் என்ன?" என்று கேட்டார்.