துணி ஸ்டோரின் சுவரில் ஐந்து விரல்கள்

எண்பதுகளில் நடந்தது இது. மலேசியாவில் கோப்பெங்குக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்ட ஒரு பழைய தோட்டத்து நிலத்தில். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். "சுத்தி வளைக்காம சொல்லு பாட்டி" என்று இப்போதே முறைக்கிறாள். சுற்றி வளைக்காமல் சொன்னால் அதில் என்ன ருசி இருக்கிறது?

தோட்டம் போன பிறகு, ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த நாங்கள் சில பெண்கள் அங்கேயே ஓர் உர ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தோம். பெரிய மூட்டையில் வரும் உரத்தைச் சின்னச் சாக்கில் அள்ளிப் போட்டு வாய் தைக்கிற வேலை. கூரையும் தகரம், சுவரும் தகரம். உரம் உப்பு மாதிரி, தகரத்தைத் தின்றுவிடும். எங்கே பார்த்தாலும் துரு, ஓட்டை. மழை ஒழுகினால் மூட்டை கல்லாக இறுகிப்போகும். சுத்தியலால் உடைத்துத்தான் அள்ள வேண்டும். வெயில் ஏறினால் சட்டியில் வறுபடுவது போல இருக்கும். மழை வந்துவிட்டாலோ தகரம் போடுகிற கூச்சலில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதுகூடக் கேட்காது. கை ஜாடையிலேயே பேசுவோம். அந்த ஜாடையில் யார் யாரைத் திட்டினோம் என்பதை இங்கே சொல்ல முடியாது, பேத்தி எழுத மாட்டாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து சாக்குத் தைப்பவள் ஓர் அக்கா. சொந்த அக்கா இல்லை. பால் வெட்டிய காலத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்து மரங்களில் வேலை செய்த சிநேகிதம். புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வாயைப் பார்த்தால் கவலை இருக்கிற மாதிரியே தெரியாது. மூச்சுக்கு மூச்சு கிண்டல்தான்.

ஒரு நாள் எங்கள் தவ்கே, அதாவது சீன முதலாளி, வந்து புது ஸ்டோர் கட்டப்போவதாகச் சொன்னார். எதில் தெரியுமா? துணியில்!

அக்கா விடுவாளா? "துணியிலயா? அப்ப நம்ம பழைய சேலைய எல்லாம் கொண்டாந்து குடுப்போம் லா. பாவம், தவ்கேவுக்குச் செலவு மிச்சம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரே குறுகுறுப்பு. துணியில் எப்படி ஸ்டோர் கட்டுவார்கள்?

லாரியில் இரும்புக் குழாய்களும் பாய் சுருட்டிய மாதிரி பெரிய வெள்ளைச் சுருள்களும் வந்தன. அதைக் கட்ட ஈப்போவிலிருந்து ஒரு சீனர் தன் ஆட்களோடு வந்தார். ஒல்லியான மனிதர், சிரிக்கவே மாட்டார். குழாய்களை வில் மாதிரி வளைத்து வரிசையாக நிறுத்தினார்கள். அதன் மேலே கயிறு போட்டுத் துணியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்தார்கள். பிறகு கீழே இருந்த பட்டை வார்களை முறுக்கு முறுக்கு என்று முறுக்கினார்கள். ஒரு சுருக்கம் இல்லை! தட்டிப் பார்த்தேன், உறுமி மாதிரி 'டும்' என்றது. தகர ஸ்டோர் கட்டின காலத்தில் மாதக் கணக்கில் இழுத்தடித்தார்கள். இது நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றுவிட்டது.

உள்ளே போனால் இன்னும் ஆச்சரியம். நடுவில் தூணே இல்லை! லாரி உள்ளே வந்து திரும்பி வெளியே போகலாம். பகலில் விளக்கே வேண்டாம். வெயிலில் வெள்ளைச் சேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி உள்ளே முழுக்க வெளிச்சம். முன்னும் பின்னும் உச்சியில் காற்றுப் போக வழி விட்டிருந்ததால் அந்தப் பழைய புழுக்கமும் இல்லை.

எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அந்தச் சீனரைக் கேள்வி கேட்டே கொன்றுவிட்டேன். எலி கடிக்காதா? துரு பிடிக்காதா? காற்றில் பறக்காதா? இந்த இடம் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? கழற்றி மடித்து லாரியில் ஏற்றி வேறு இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். கட்டிடத்தை மடிப்பதா! அன்றைக்கு வீட்டில் சோறு பொங்கும்போதுகூட எனக்கு அதே நினைப்புதான்.

"கட்டுனவருக்கே இவ்ளோ கேள்வி வந்திருக்காது. உன்ன ஒரு நாள் அவரு இந்தத் துணியில சுத்திக் கொண்டு போயிடப் போறாரு பாரு" என்பாள் அக்கா.

ஆனால் அந்த மனிதருக்குத் துணியை யாரும் தொடக் கூடாது. ஒருத்தி விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தால்கூட "ஜாங்கான்!", வேண்டாம், என்று மலாயில் ஒரு கத்து கத்துவார். தரையில், சுவரிலிருந்து ஓர் ஆள் நடக்கிற அளவு தள்ளிச் சிவப்புக் கோடு ஒன்று போட்டார். கோட்டைத் தாண்டி மூட்டை அடுக்கக் கூடாது, துணி தாங்காது, நெகிழும் என்று எல்லாருக்கும் சொன்னார்.

சொன்னார், கேட்டோம். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. ஆயுசு முழுக்கச் சுவரில் சாய்த்து அடுக்கிய கைகள். ஒரு நாள் எதிர்பாராத லோடு வந்து இறங்கியது. மழை வருவதற்குள் உள்ளே போட வேண்டும் என்ற அவசரத்தில் ஆண்கள் கோட்டைப் பார்க்கவில்லை. பின்பக்க மூலையில் மூட்டைகளைத் துணியிலேயே சாய்த்து ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிவிட்டார்கள். நல்லவேளை, அன்றைக்கு அந்தச் சீனரும் வந்திருந்தார். புதுத் துணி கொஞ்ச நாளில் தளருமாம், மறுபடியும் முறுக்க வேண்டுமாம். வாசல் பக்கத்தில் அவர் அந்த வேலையில் இருந்தார்.

மதியத்துக்கு மேல் மழை கொட்டியது. எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். எனக்கு மட்டும், துணியின் மேல் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். சேம்பு இலையில் வழிகிற மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது தண்ணீர். பார்த்துக்கொண்டே சுற்றிப் பின்பக்கம் போய்விட்டேன்.

அங்கே சுவர் வயிறு மாதிரி வெளியே புடைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில், துணிக்கு உள்ளேயிருந்து ஐந்து விரல்கள் தள்ளிக்கொண்டிருந்தன.

குடை கையிலிருந்து விழுந்துவிட்டது. கிட்டப் போய் அந்த விரல்கள்மேல் என் கையை வைத்தேன். அசைந்தன.

"யாரு? யாருடி அது? மூட்டை அமுக்குதுடி... மூச்சு விட முடியல..."

அக்கா! வெற்றிலை போட, அடுக்கு முடிகிற இடத்தில் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் மீதமிருந்த சந்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறாள். துணி நெகிழ்ந்து, அடுக்கு அப்படியே அவள்மேல் சரிந்துவிட்டது. தகரமாக இருந்திருந்தால் அந்த மழைச் சத்தத்தில் அவள் குரல் எனக்குக் கேட்டிருக்குமா? அந்த விரல்கள்தான் தெரிந்திருக்குமா?

நான் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடி வந்தார்கள். உள்ளேயிருந்து மூட்டையை இழுக்கப் பார்த்தார்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்று சரிந்தது. அக்கா அலறினாள், பிறகு அலறுவதும் நின்றுவிட்டது. வெளியே துணியில் விரல்கள் மட்டும் மெதுவாக அசைந்தன.

"வெட்டிடுங்க, துணிய வெட்டிடுங்க!" என்று நான் கத்தினேன். எங்களை மேய்க்கிற மண்டோர் தயங்கினார். "புத்தம் புதுசு... தவ்கேகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி லா?" என்றார். தவ்கே ஈப்போவில் இருந்தார்.

அந்தச் சீனர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து வார்களை மளமளவென்று தளர்த்தினார். புடைப்பின்மேல் பலகையை வைத்து நாலைந்து ஆண்களை முதுகு கொடுத்துத் தாங்கச் சொன்னார். தன் உள்ளங்கையை அக்காவின் விரல்கள்மேல் ஒரு கணம் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொள் என்று மலாயில் சொன்னார். பிறகு கத்தியை இறக்கினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சேலை கிழிவதைப் பார்த்தவள் நான். ஒரு முனையில் கிழிந்தால் மறுமுனைவரை ஓடும். இது மட்டும் உச்சிவரை ஓடி, ஸ்டோரே நம் தலைமேல் வந்தால்? கண்ணைத் திறந்தபோது, கத்தி நின்ற இடத்தில் கிழிசலும் நின்றிருந்தது. அந்த ஓட்டை வழியாக அக்காவின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

உதடெல்லாம் நீலம். ஒரு கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. மழைத் தண்ணீர் முகத்தில் பட்டதும் கண் திறந்து கிழிசலைப் பார்த்தாள்.

"ஐயோ, இவ்ளோ பெருசா கிழிச்சுட்டீங்களே. இத யாருடி தைக்கிறது?"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவளைத் திட்டினேன்.

ஈப்போ பெரியாஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். சுவர் நெகிழ்ந்து கொடுத்ததால்தான் நெஞ்சு நசுங்காமல் தப்பினாள், கல்லுச் சுவராக இருந்தால் கதை வேறு என்று பிறகு எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நெகிழ்ந்ததால்தானே மூட்டையும் சரிந்தது? அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் அந்தச் சீனர் அதே மாதிரித் துணியில் ஒரு துண்டு வெட்டி, சூடு வைத்து, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தொட விடாமல் பார்த்துக்கொண்டதை நீங்களே வெட்டினீர்களே, மனசு வலிக்கவில்லையா என்று கேட்டேன். துணியை ஒட்டிக்கொள்ளலாம் என்றார், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதல் முறையாகப் பார்த்தேன்.

அக்கா கொஞ்சம் விந்தி விந்தி நடந்தாலும் தன் இரண்டு பெண்களின் கல்யாணத்தையும் கண்ணால் பார்த்தாள். அந்தப் பந்தல்களில் அவள் பக்கத்தில் நின்றபோதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் ஞாபகம்தான் வந்தது. பேர்கூடத் தெரியாது, ஆனால் தான் பார்த்துப் பார்த்துக் கட்டியதை ஓர் உயிருக்காக யோசிக்காமல் வெட்டுகிற கை எப்படி இருக்கும் என்று ஒரு முறை பார்த்துவிட்டேன். மனிதர்கள்மேல் எனக்கு நம்பிக்கை குறைகிற நாட்களில் இன்றும் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.