மாறியதை மட்டும் சொல்

இன்று காலை தொலைபேசி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் இறக்கிவிட்டு, ‘சிறு பிழைகள் திருத்தப்பட்டன’ என்றது. எனக்குப் பொறுக்கவில்லை. சிறு பிழைக்கு முழு மூட்டையையும் அனுப்புவானேன்?

யுத்தம் முடிந்த கையோடு, புத்தளம் நகரில் ஒரு கடையின் மேல்மாடி அறையில் இருந்து இறால் பண்ணைகளுக்கு மென்பொருள் எழுதினேன். குளத்து நீரின் உப்பையும் ஒட்சிசனையும் பதிகிற மென்பொருள். இணையம் என்பது ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டி போட்டுக் கட்டிய டொங்கிள். முழுவதையும் அனுப்பினால் பண்ணையில் இறங்கி முடிவதற்குள் இறால் ஒரு சுற்றுப் பெருத்துவிடும். அதனால் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பினோம்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தொழுகை வரிசையின் நடுவே ஒருவர் நுழைந்தால் அவருக்கு அப்பால் நிற்பவர்கள் எல்லோரும் ஓரிடம் நகர்வார்கள். இடத்துக்கு இடம் ஒப்பிட்டால் வரிசையே மாறியதுபோல் இருக்கும். முகத்தைத் தேடி ஒப்பிட்டால் புதியவர் ஒருவர்தான். மற்றவர்கள் நகர்ந்த தூரம் ஒன்று, ஒன்று, ஒன்று. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அமுக்கிச் சுருட்டுவது சுலபம். பெரிய மூட்டை ஒரு புகைப்படம் அளவுக்கு வந்துவிடும்.

ஒரே நிபந்தனை, அவர்களிடம் இருக்கும் பழையது நாம் நினைக்கும் அதே பழையதாக இருக்க வேண்டும். ஒரு பண்ணை மேற்பார்வையாளர் இடையில் ஒரு திருத்தத்தைத் தவறவிட்டு, அடுத்ததைப் போட்டார். ஏழாம் குளத்தின் ஒட்சிசன் அளவு ‘வியாழக்கிழமை’ என்று காட்டியது.

“தம்பி, எறாலுக்கு கிழம தெரிஞ்சி என்ன செய்யப்போகுது?” என்று கேட்டார்.

சிரித்தேன். சிரித்ததற்குக் கூலி அடுத்த வாரமே கிடைத்தது.

மனைவியும் இரண்டு வயது மகளும் எத்தாளைக் கிராமத்தில், எங்கள் வீட்டில் இருந்தார்கள். நான் வெள்ளிதோறும் போவேன், மற்ற நாட்களில் தொலைபேசிதான். தொழில்புத்தி வீட்டுக்குள்ளும் நுழைந்திருந்தது. “நேத்துச் சொன்னத திருப்பிச் சொல்ல வேணாம், மாறினத மட்டும் சொல்லு” என்று மனைவிக்கு விதி வைத்திருந்தேன். செவ்வாயன்று பேசிக்கொண்டிருக்கையில் அவள் குரல் மட்டும் என் பக்கம் வராமல் அறுந்தது. அது தெரியாமல் நான் கொஞ்ச நேரம் ‘ஓம், ஓம்’ என்றுகொண்டிருந்தேன். புதனும் வியாழனும் அவள், “மாத்தம் ஒண்டுமில்ல” என்றாள்.

வெள்ளி பின்னேரம் போய் இறங்கினால் வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னலால் பார்த்தேன். தொட்டிலைக் காணவில்லை. நேற்றுவரை மாற்றமில்லை என்றால், எது நடந்ததோ அது இன்றுதான் நடந்திருக்க வேண்டும். எத்தாளையில் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து மகளின் பெயரைக் கூப்பிட்டேன். ஒற்றைச் செருப்போடு ஓடினேன். மற்றது எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது. கிணற்றுக்குள்ளிருந்து என் குரலே திரும்பி வந்தது. இப்போதும் சிலவேளை கேட்கிறது. சட்டைப்பையில் தொலைபேசி இருப்பது மூன்றாவது கிணற்றடியில்தான் நினைவுக்கு வந்தது.

“தில்லையடியில ராத்தா வீட்டுல ஈக்கிறோம்” என்றாள் மனைவி. ராத்தா அவளுடைய மூத்த சகோதரி. “அவவுக்கு சுகமில்ல, புள்ளயோட போறேண்டு செவ்வாக்கிழம சொன்னேனே. ஓம் ஓமெண்டீங்க.”

“நேத்து மாத்தமில்லண்டு சொன்னாயே?”

“ஓம். நேத்தும் இங்கதானே இருந்தோம்.”

தர்க்கத்தில் பிழையில்லை. தில்லையடி என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. மூன்று நாளாகப் பக்கத்தில் இருந்த பிள்ளையை விட்டு, பஸ் ஏறி அவ்வளவு தூரம் போய்க் கிணறுகளில் தேடியிருக்கிறேன்.

திங்களன்று மென்பொருளில் ஒரு சோதனை சேர்த்தேன். திருத்தம் முதலில் பழைய கோப்பு அதுதானா என்று பார்க்கும். இல்லையென்றால் ஒன்றையும் தொடாது. வீட்டிலும் அதே விதி. ஒவ்வோர் அழைப்பையும் மனைவி ஒரே வரியில் தொடங்குவாள்: “நாங்க எத்தாளையில. புள்ள மடியில.” அதற்குப் பிறகுதான் மாற்றங்கள். என்னைச் சீண்ட நினைத்தால், “எறாலெல்லாம் சுகம்” என்றும் சேர்ப்பாள்.

அந்த மேல்மாடி அறை இப்போது இல்லை. டொங்கிளும் இல்லை. மகள் கொழும்பில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம். அவள் அனுப்புவது ஒரே சொல்: ‘அப்படித்தான்’, அதாவது நேற்றுப்போலவே. நான் உடனே அழைக்கிறேன்.

“மகள், எங்க ஈக்கிறீங்க?”

“ஹொஸ்டல்லதான் வாப்பா. இங்க கிணறு ஒண்டுமில்ல.”

சரி, மனைவியின் அந்தப் பழைய வரியில் முதல் பாதி, இடம், பொருந்துகிறது. மற்றப் பாதியை இனி யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை: புள்ள மடியில.