இறங்காத எருக்குழி

எரு விஷயத்தில் என்னிடம் வந்து யாரும் வாயைக் கொடுக்க முடியாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுப் பசுவுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இன்றைக்குத் திருவெள்ளறைப் பக்கம் வந்து என் தோட்டத்தைப் பாருங்கள். கத்தரிக்காய் ஒவ்வொன்றும் எண்ணெய் தடவின மாதிரி மின்னும். திருச்சியிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதெல்லாம் எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லுகிற பதில் ஒன்றுதான். பால்பல் விழுகிற வயசிலேயே ஒரு எருக்குழியைத் தனியாளாக நிரப்பிக் காட்டினவன் நான். அந்தக் கதையைப் பாதிதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். மீதியையும் எழுதிவிட்டுப் போகலாம்.

அப்போது எங்கள் வீடு ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையோரம். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மேட்டுப் பக்கம் பெரியப்பாவுக்கு, ஆற்றுப் பக்கம் எங்களுக்கு. பிரித்தபோது இரண்டும் நல்ல மண்தான். அந்த ஐப்பசியிலேயே கொள்ளிடம் பெருகி வந்து, எங்கள் பாகத்தின் மேல் மணலைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. பெரியப்பா தன் பாகத்தில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். அப்பா, “உன் பிச்சை எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். “இனி உன் வரப்பை மிதிச்சா என்னை என்னன்னு கேளு” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு மேட்டுக்கு ஏறிப் போனார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

மணலில் என்ன விளையும்? ஊற்றின தண்ணீர் நிற்காது. அப்பா ஒரு வருஷம் போராடிப் பார்த்துவிட்டு, வருகிற ஆடியில் வைக்கிற கத்தரி பிடிக்காவிட்டால் நிலத்தை விட்டுவிட்டுத் திருச்சிக் கிடங்கில் மூட்டை தூக்கப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டார். புத்தூரில் ஒற்றை அறை வீடு கூடப் பார்த்தாகிவிட்டது. அம்மா அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கும் துக்கம்தான். அங்கே எங்கள் பசுவைக் கட்ட இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, திருச்சியில் ஜட்கா ஓட்டுகிறவர். தெரியாத விஷயம் என்று ஒன்று அவருக்கு இந்த உலகத்தில் கிடையாது. (எனக்கும் அப்படித்தான். ஆனால் எனக்கு நிஜமாகவே தெரியும்.)

“மச்சான், உங்க மணலுக்கு மாட்டுச் சாணியெல்லாம் எந்த மூலைக்கு? குதிரை லத்தி வேணும். குதிரை ஓடுற ஓட்டம் என்ன, மாடு நடக்கிற நடை என்ன? செடியும் அப்படித்தான் கிளம்பும்” என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஜட்கா நிற்கிற இடத்தில் அன்றன்றைக்கு விழுந்த லத்தியைச் சாக்கில் கட்டி, சவாரி ஏறுகிறவர்கள் காலடியிலேயே வைத்துக் கொண்டுவருவார். வழியில் இறங்கி நடந்து போனவர்கள் பல பேர். மார்கழியில் அம்மா மிளகாய் நாற்று விட்டிருந்த பாத்தியில், ஆவி பறக்கப் பறக்க அந்த லத்தியை நாற்றின் கழுத்துவரை அணைத்துப் போட்டார்.

“பச்சையாப் போடறியேடா, சூடு தாங்குமா?” என்றாள் அம்மா.

“குளிர் காலம்தானேக்கா, கதகதன்னு இருக்கட்டும்” என்றார் மாமா.

வாரம் திரும்புவதற்குள் நாற்று முழுக்க நுனி கருகி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினது போலத் துவண்டு படுத்துவிட்டது. மாமா அதைப் பார்த்துவிட்டு, குதிரைக்குக் கொள்ளு போடவேண்டும் என்று அவசரமாகக் கிளம்பிப் போனார். அப்பா பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, “இந்த மண்ணுக்கு எதுவுமே ஆகாது போல இருக்கு” என்றார்.

“மண்ணு என்ன பண்ணும்? பச்சையாப் போட்டா வேகத்தான் செய்யும்” என்றாள் அம்மா. “குழி வெட்டுங்க. ஆடி வரைக்கும் மக்க விடுவோம். அப்புறம் பாத்துட்டு மூட்டை தூக்கப் போங்க.”

புங்க மரத்து நிழலில் குழி வெட்டினார்கள். என் இடுப்புக்கு மேல் ஆழம். அம்மாவின் முறை இதுதான். ஒரு அடுக்கு சாணி, ஒரு அடுக்கு கொழிஞ்சித் தழை, அதன்மேல் அடுப்புச் சாம்பலும் மாட்டு மூத்திரம் ஊறின தொழுவத்து மண்ணும். காய்ந்து போகாமல் தண்ணீர் தெளிக்கவேண்டும். அதிகமாக ஊற்றினால் நாறும். எங்கள் ஒற்றைப் பசு போடுகிற சாணி வரட்டி தட்டினது போக மூலையைக்கூட நிரப்பாது. அதனால் பொறுக்கிக்கொண்டு வருகிற வேலை என் தலையில் விழுந்தது.

விழுந்தது என்ன விழுந்தது, நானே பிடுங்கிக்கொண்டேன். கொள்ளிடக் கரைச் சாலையில் போகிற வண்டி மாடுகள் எனக்கு அத்துப்படி. வாலைத் தூக்குவதற்கு முன்னாலேயே கூடையோடு பின்னால் நிற்பேன். இன்னும் இரண்டு பையன்கள் போட்டிக்கு இருந்தார்கள். ஒருத்தனை முழங்கையால், ஒருத்தனைப் பேச்சால் விரட்டினேன். “சாணிப் பட்டாளம் வருது” என்று வண்டிக்காரர்கள் கேலி செய்வார்கள். நான் ஒருத்தன்தான், ஆனாலும் பட்டாளம்.

பெரியப்பாவும் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். வரப்பு எல்லையில் வந்து நின்று, எனக்குச் சொல்வது போல அப்பா காதில் விழச் சொல்லுவார். “என்னடா, உங்கப்பன் மணலுக்குச் சாணி பூசறானா? நல்லாப் பூசச் சொல்லு, மார்கழி வந்தா கோலம் போடலாம்.”

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். நான்தான் கத்துவேன். “ஆடியிலே வந்து பாருங்க பெரியப்பா!”

“உங்க வரப்பை மிதிக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேனே, எப்படிடா வந்து பாக்கிறது?” என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

மாசி, பங்குனி என்று போகப்போகக் குழி நிரம்பியது. நான் கொட்டக் கொட்ட ஏறிக்கொண்டே வந்தது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தேன். எழுந்து போய்ப் பார்த்தால், அப்போதும் ஏறித்தான் இருந்தது. என் கைராசி அப்படி என்று நினைத்தேன். அம்மாகூட ஒரு தரம் குழியையும் என் கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள். “பரவாயில்லையேடா!” என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் திரிந்தேன்.

சித்திரைத் தேர் வந்தது. எங்கள் ஊருக்கு அதுதான் குடியானவர்களின் திருவிழா. எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வந்து, கரையோரத் தோப்புகளில் மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருப்பார்கள். ஊரெல்லாம் பெருமாளைப் பார்க்க ஓடும். நான் தோப்புக்கு ஓடவேண்டும். மற்றவர்களுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று இருட்டு பிரிவதற்குள் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எருக்குழிப் பக்கம் ஆள் அசைவது தெரிந்தது. பதுங்கிப் போய்ப் பார்த்தேன். பெரியப்பா! குழியின் விளிம்பில், கையில் கூடையோடு நிற்கிறார். காலிக் கூடை.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு துணிச்சல் வந்ததோ தெரியாது. “பெரியப்பா, எங்க எருவைத் திருட வந்தீங்களா?” என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமாடா. வந்தேன். நீ எங்க விட்டே?” என்றார்.

“வரப்பை மிதிக்கமாட்டேன்னீங்களே!”

“அதான் தப்பாப் போச்சு. உங்கப்பன்கிட்ட சொல்லிடாதடா” என்று சொல்லிவிட்டு, காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விடுவிடுவென்று மேடு ஏறிப் போய்விட்டார்.

சொல்லாமல் இருப்பேனா? தேரைப் பார்த்தவர்களைவிட அன்றைக்கு என் கதையைக் கேட்டவர்கள்தான் அதிகம். மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, “என் ரத்தம்டா நீ!” என்று குதித்தார். அப்பா மட்டும், “கூடை காலியாவா இருந்துச்சு?” என்று ஒரு தரம் கேட்டார். “அள்ளறதுக்குள்ளே பிடிச்சிட்டேன்ப்பா!” என்றேன். 

தேர் கழிந்ததும் தோப்பில் சேர்ந்ததையும் போட்டு, குழியின் வாயைச் சேறு வைத்து மெழுகி மூடினாள் அம்மா. ஆடி பிறந்ததும் வெட்டித் திறந்தோம். கையை உள்ளே விட்டால் சூடு இல்லை. முகர்ந்தால் சாணி வாசனை இல்லை. புது மழைக்கு மண் வாசனை வருமே, அது. கறுப்பாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்பா ஒரு கை அள்ளியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதில் மக்காமல் கிடந்த ஒரு தண்டை விரலால் உருட்டிப் பார்த்தார்.

“கடலைக்கொடி” என்றார். “நம்ம மாடு வைக்கோல்தானே தின்னுது?”

அம்மா மேட்டுப் பக்கம், பெரியப்பாவின் கடலைக் கொல்லையைப் பார்த்தாள்.

“வண்டி மாட்டுக்குப் போட்டிருப்பாங்கப்பா” என்றேன் நான், எல்லாம் தெரிந்தவனாக.

“இருக்கும், இருக்கும்” என்றார் அப்பா. துண்டால் கண்ணைத் துடைத்தார். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

எருவை வெயிலில் காயப்போட்டுவிட்டால் பாதி சத்து போய்விடும் என்பதால், கொட்டின அன்றைக்கே உழுது மண்ணுக்குள் தள்ளினார்கள். தண்ணீர் கட்டி ஆறவிட்டு, அப்புறம்தான் கத்தரி நாற்று. மணல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. செடி கருகவில்லை, செழிப்பாகக் கிளைத்தது, பூத்தது, புரட்டாசியில் காய்த்துக் குலுங்கியது. கிடங்கு வேலை பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. பசுவும் எங்களோடேயே இருந்தது.

இதுவரைதான் நான் ஊரெல்லாம் சொல்லி வந்த கதை.

பிற்பாடு என் சொந்தச் சம்பாத்தியத்தில் திருவெள்ளறையில் நிலம் வாங்கினேன். முதல் வேலையாகப் பெரிய எருக்குழி ஒன்று வெட்டி, தை மாசம் விளிம்பு தட்ட நிரப்பினேன். சித்திரையில் போய்ப் பார்த்தால் பாதிக்குழிதான் இருக்கிறது. “எவன்டா என் எருவை அள்ளினது?” என்று தோட்டமே அதிரக் கத்தினேன். சோற்றுத் தூக்கோடு வந்த என் வீட்டுக்காரி, அதைக் கீழேகூட வைக்காமல் சொன்னாள். “எதுக்கு இந்தக் கத்தல்? எரு மக்கினா இறங்கத்தானே செய்யும். ஏறின குழியை நீங்க எங்க பாத்தீங்க?”

பார்த்திருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

மணலில் கத்தரி காய்த்த அந்தப் புரட்டாசியில் முதல் பறிப்பை அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. நல்ல காய்களாகப் பொறுக்கிக் கூடையில் அடுக்கி என் தலையில் வைத்து, “பெரியப்பா வீட்டுல கொடுத்துட்டு வா” என்றார்.

“திருட வந்தவருக்கா?” என்று கேட்டேன்.

“அவருக்குத்தான். ஆயுத பூஜைக்கு எல்லாரும் சாப்பிட வரணுமாம், நான் கூப்பிட்டேன்னு சொல்லு.”

முறைத்துக்கொண்டேதான் போனேன். பெரியப்பா கூடையை இறக்கி, ஒரு காயை எடுத்து வெயிலில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு காய்களை முறத்தில் கொட்டிவிட்டு, கூடையை அவசரமாக என் கையில் திணித்தார்.

“காலிக் கூடையை இங்க வெச்சிட்டுப் போகாதடா. யாராவது பாத்தா மறுபடியும் என்னைத் திருடன்னு சொல்லிடப் போறாங்க.”

உள்ளே பெரியம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. மனுஷனுக்கு இப்போதாவது வெட்கம் வந்ததே என்று நினைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் கவிழ்த்து, நெஞ்சை நிமிர்த்தி, வரப்பு வழியாகவே வீட்டுக்கு நடந்தேன்.