நசுக்கக் கூடாத மாவு

ரெண்டு தம்ளர் மைதா, ஒரு தம்ளர் உப்பு, ரெண்டு தம்ளர் தண்ணீர், ரெண்டு கரண்டி எண்ணெய், அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு. எல்லாவற்றையும் கலந்து அடுப்பில் வைத்துக் கிண்டினால், ‘ரெண்டே நிமிஷத்தில்’ குழந்தைகள் வைத்து விளையாடுகிற மாவு தயார் என்று வீடியோவில் அந்தப் பெண் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடுப்படியெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. சுவரில் ஒரு எண்ணெய்ச் சொட்டுக் கிடையாது. அந்த மகராசி அந்த அடுப்பில் என்றைக்காவது கடுகு தாளித்திருப்பாளா என்பதே எனக்குச் சந்தேகம்.

நான் கிண்டியபோது ரெண்டு நிமிஷத்தில் வந்தது பசை. தேர்தல் நேரமாக இருந்திருந்தால் யாராவது கட்சிக்காரர் வாளியோடு தூக்கிக்கொண்டு போய்ச் சுவரொட்டி ஒட்டியிருப்பார். களி கிண்டுகிற மாதிரி, கை கடுக்கக் கடுக்க, பாத்திரத்தை விட்டு மாவு ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிண்ட வேண்டும். அதை அவள் சொல்லவில்லை. அவள் வீட்டில் யார் கிண்டினார்களோ.

எனக்கு ஒன்றும் பிள்ளையோடு உட்கார்ந்து யானை, குதிரை செய்து விளையாட நேரம் கொட்டிக் கிடக்கவில்லை. காலையில் சோறு பொங்கி வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடுகிறவள் நான். இந்த மாவு என் மகளுடைய கைக்கு.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுடைய அப்பா, அதாவது என் வீட்டுக்காரர், பரோட்டாக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, சைடு ஸ்டாண்டு போட்டு, பிள்ளையைச் சீட்டில் உட்காரவைத்துவிட்டு உள்ளே பார்சல் வாங்கப் போனார். பார்சல் வாங்கினவர் அப்படியே போன் பேசவும் தொடங்கிவிட்டார். வண்டி சாய்ந்தது. பிள்ளையின் வலது கை அடியில் போனது. “ஒரு நிமிசந்தான் திரும்புனேன்” என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு நிமிஷத்தில் இவர் போனில் எந்த ராஜாங்கத்தைக் காப்பாற்றினார் என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மாவுக்கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. விரல்கள்தான் மடங்கவில்லை. பாதி மடங்கி அப்படியே நிற்கும். சோற்றை உருட்ட முடியாமல் பிள்ளை இடது கையை நீட்டும். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற தம்பி, மீசை சரியாக முளைக்காத பையன், அவளுடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு விளக்கமாகத்தான் சொன்னான்: “மாவு மாதிரி மெத்துன்னு ஏதாவது குடுங்கக்கா. தினமும் இந்தக் கைல வச்சு இறுக்கி நசுக்கணும். விரல் இடுக்கு வழியா மாவு வெளிய பிதுங்கி வரணும். அப்பிடி வந்துட்டுன்னா கை சரியாயிட்டுன்னு அர்த்தம். சும்மா விட்டுட்டியன்னா விரலு இப்பிடியே நின்னு போயிரும்.”

கடையில் விற்கிற வண்ணக் களிமண்ணையும் வாங்கிப் பார்த்தோம். நம்ம ஊர் வெயிலுக்கு அது பெட்டிக்குள்ளேயே செங்கல் ஆகியிருந்தது. அதனால்தான் மைதாவும் உப்பும். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, “மைதாவா? மைதா பிள்ளைக்கு ஆகாதே, தெரியாதா?” என்றாள். தின்பதற்கில்லை, பிசைவதற்கு என்றேன். “கையில பட்டாலும் ஆகாதுங்காங்க” என்றாள். அவள் மகன் சாயங்காலமானால் பரோட்டா இல்லாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டான். இவள்தான் எனக்கு மைதாப் பாடம் நடத்துகிறாள்.

பசை போய், களி போய், மூன்றாவது தடவை மாவு மாவாக வந்தது. கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டேன். நல்ல ஆரஞ்சு நிறம். வெண்ணெய் மாதிரி இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வீடியோக்காரி சொன்னபடி காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்ததும் எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்து, “நல்லா நசுக்கு பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

ஐந்து வயதுப் பிள்ளை கையில் மாவைக் கொடுத்தால் முதலில் என்ன செய்யும்? தரையில் வைத்து உருட்டும். உருட்டினால் என்ன வரும்? பாம்பு வரும். உலகத்தில் எந்த ஊரிலும் அதுதான் வரும். மற்ற ஊர்களில் அம்மாக்காரி, “ஐ, பாம்பு!” என்று சொல்லிவிட்டுத் திரும்ப உருண்டையாக்கிக் கொடுப்பாள். நாங்கள் இருப்பது சங்கரன்கோவிலில். இங்கே பாம்பு சாமி. கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். பாம்பும் தேளும் பொறித்த தகடு வாங்கி உண்டியலில் போடுகிற ஊர். போதாததற்கு எங்கள் வீட்டில் என் நாத்தனார் இருக்கிறாள்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். குருவிகுளம் பக்கம் வாக்கப்பட்டுப் போய், அவளுடைய வீட்டுக்காரர் இறந்ததும் எங்களோடு வந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் சகுனம் பார்த்துச் சொல்கிறவள். பல்லி சொன்னால் பலன் சொல்வாள். பல்லி சொல்லாவிட்டால் அதற்கும் ஒரு பலன் வைத்திருப்பாள்.

“அத்தை! பாம்பு!” என்று மகள் கூப்பிட்டாள். நாத்தனார் வந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கரண்டியோடு வந்து, “சரி, நசுக்கு நசுக்கு, மறுபடி உருட்டலாம்” என்றேன்.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்று என்மேல் பாய்ந்தாள். “பாம்பை நசுக்கச் சொல்லுத! அதுவும் நம்ம ஊருல இருந்துக்கிட்டு! ஏற்கெனவே பிள்ளைக்குக் கை போயிருக்கு, இன்னும் என்ன போவணும் உனக்கு?”

“மதினி, அது மைதா.”

“மைதாவா இருந்தா என்ன, உருவம் வந்துட்டுல்லா?”

உருவம் வந்துவிட்டதாம். அந்த ஆரஞ்சுப் பாம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்ச் சாமி அலமாரியில் வைத்து, மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். ஒரு தம்ளர் மைதா அப்படியே சாமியாகிவிட்டது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். நான் காலையில் கிண்டிக் கிண்டி ஃபிரிட்ஜில் வைக்க, பிள்ளை உருட்டி உருட்டிக் கொடுக்க, நாத்தனார் தூக்கித் தூக்கி வைத்தாள். அலமாரியில் முருகனுக்கும் பிள்ளையாருக்கும் இடமில்லை. எல்லாம் பாம்பு.

நானும் தந்திரம் பண்ணிப் பார்த்தேன். மகளிடம், “பாம்பு வேண்டாம், முறுக்கு சுற்று” என்றேன். சுற்றினாள். நாத்தனார் குனிந்து பார்த்தாள். “சுருண்டு படுத்திருக்கு” என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால், “அக்கா சொன்னா ஏதாவது இருக்கும். விடேன், கை தானா சரியாயிரும்” என்றார். தானாகச் சரியாகுமாம். இவர் உடைத்து வைத்த கை, தானாகச் சரியாகிவிடுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த மாவை அவர் வாயில் அடைத்திருப்பேன். உப்பு வீணாகிவிடுமே என்று விட்டேன்.

பிறகு ஒரு காலையில் வீட்டில் ஒரே ஒப்பாரி. அலமாரிக்குள் புகுந்த எலி, ஒரு பாம்பின் தலையைக் கடித்துத் தின்றுவிட்டு, உப்புக் கரித்ததோ என்னவோ, மிச்சத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. நாத்தனார் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எலி பாம்பைத் தின்றால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று தெருவில் நாலு பேர் கூடிப் பேசினார்கள். படித்தவர்கள், வேலை பார்க்கிறவர்கள், அதில் ஒருவர் விஞ்ஞான ஆசிரியர். அவரும் முகவாயைத் தடவிக்கொண்டு, “யோசிக்க வேண்டிய விஷயந்தான்” என்றார். யோசித்துக் கிழித்தார்கள். சாயங்காலம் நாத்தனார் புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தாள். என் மகளின் விரல்கள் அப்படியே பாதி மடங்கி நின்றன. அதைப் பற்றி எவரும் கூடிப் பேசவில்லை.

அதற்கு அடுத்த வாரம், ஒரு அரைநாள் விடுமுறையில் சீக்கிரம் வந்துவிட்டேன். வரும்போதே, கொடியில் காய்ந்த துணியை எடுத்துவிடுவோம் என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். ஜன்னல் வழியாக மகள் தெரிந்தாள். ஃபிரிட்ஜிலிருந்து அவளே டப்பாவை எடுத்திருக்கிறாள். யாரும் சொல்லாமலே மாவை வலது கையில் வைத்து நசுக்கப் பார்த்தாள். விரல் கொஞ்சம் மடங்கியது. முகம் கோணியது. உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது, சத்தம் வரவில்லை. கையை உதறினாள். அத்தை இருந்த அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவசர அவசரமாக மாவைத் தரையில் போட்டு இடது கையால் உருட்டி, இரண்டு மிளகைக் கண்ணாக வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலகலவென்ற குரலில் கூப்பிட்டாள்: “அத்தை! பாம்பு!”

இத்தனை நாளும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நான் எரிந்து விழுந்திருக்கிறேன். பாம்பு வந்துவிட்டால் நசுக்க வேண்டாம். நசுக்காவிட்டால் வலிக்காது. அத்தை காவலுக்கு இருக்கிறாள். ஐந்து வயதில் கழுதைக்கு எவ்வளவு மூளை!

துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். “மதினி, இவ உங்களை ஏமாத்துதா. வலிக்குன்னு பாம்பு செய்யுதா. தெரியுமா உங்களுக்கு?”

அவள் அந்தப் பாம்பைக் கையில் ஏந்தியபடியே நின்றாள். “தெரியும்லா” என்றாள்.

“தெரியுமா?”

“மொதல் நாளே தெரியும். நீ கரண்டியும் கையுமா நசுக்கு நசுக்குன்னு நிக்க. பிள்ள மூஞ்சியை ஒரு நாளாவது பாத்தியா? எப்பிடியும் அழாம இருக்கட்டுமேன்னுதான் தூக்கித் தூக்கி வச்சேன்.” கொஞ்சம் யோசித்து, “பாம்பை நசுக்கப்பிடாதுங்கதும் நெசந்தான்” என்று சேர்த்துக்கொண்டாள்.

“விரல் நின்னு போச்சுன்னா? நாளைக்கு அவ கையால ஒரு வாய் சோறு தின்னாண்டாமா? அப்பவும் அழாம இருப்பாளா?” என்று கத்தினேன். கத்தும்போது எனக்குத்தான் அழுகை வந்தது. நாத்தனார் பாம்பை அலமாரிக்குக் கொண்டுபோகாமல் மேசைமேல் வைத்தாள்.

அந்த மாவைத் தொட்டுப் பார்த்தேன். ஃபிரிட்ஜில் கிடந்து விறைத்துக் குளிர்ந்திருந்தது. என் கைக்கே நசுங்க மாட்டேன் என்றது. வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்று சொன்னாளே அந்த வெள்ளை அடுப்படிக்காரி! அவளுக்குக் கெடாமல் இருந்தால் போதும். இந்தக் கல்லைத்தான் ஒவ்வொரு நாளும் மடங்காத பிஞ்சு விரலுக்குக் கொடுத்திருக்கிறோம்.

அப்போதே புது மாவு கிண்டினேன். டப்பாவிலும் அடைக்கவில்லை, ஃபிரிட்ஜிலும் வைக்கவில்லை. பிசைந்து, பிள்ளைக்குப் பால் சூடு பார்க்கிற மாதிரி என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, கை பொறுக்கிற இளஞ்சூட்டில் அவள் உள்ளங்கையில் வைத்தேன். நசுக்கு என்று சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

“சுடுதா மக்கா?” என்றேன்.

“இதமா இருக்கு” என்றாள். கையை அதற்குள் புதைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்ல அமுக்கிப் பார்த்தாள். அன்றைக்குப் பாம்பு உருட்டவில்லை.

அதன்பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் ஒரு கை மாவு கிண்டுவேன். சில நாள் அழுதாள். சில நாள் கோபித்துக்கொண்டு என்மேல் விட்டெறிந்தாள். என் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டே, “நாந்தான் சொன்னேன்லா, தானா சரியாயிரும்னு” என்றார். அவருக்குப் பதில் சொல்லி என் தொண்டைத் தண்ணீரை வற்றவைக்க நான் தயாராக இல்லை.

ஆடி பிறக்கிற நேரம். தெருவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்படித் தரையில் நானும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் கையெல்லாம் மாவு. அவள் உருண்டையை வாங்கி, மூச்சைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு அமுக்கு அமுக்கினாள். விரல்கள் மடங்கின. இன்னும் மடங்கின. விரல் இடுக்குகளிலெல்லாம் ஆரஞ்சு மாவு பிதுங்கிக்கொண்டு, வளைந்து வளைந்து, நீளமாக வெளியே வந்தது.

கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தவள் வீடே அதிரக் கத்தினாள்: “அத்தை! பாம்பு! என் கைக்குள்ள இருந்து வருது!”

நாத்தனார் ஓடி வந்தாள். அந்த மூடிய கையைப் பார்த்தாள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். கும்பிட்டபடியே என் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். “என்னட்டி, நீயும் கும்பிடுத?” என்றாள்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் கை இரண்டும் நெஞ்சுக்கு நேரே குவிந்திருந்தன.

“கையில ஒட்டுன மாவைத் தட்டுதேன்” என்றேன்.

அவள் நம்பவில்லை. விடிவதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.