எண்ணெய் டிரம்மில் கிடந்த அரிவாள்கள்

காட்டுக்குப் போகும் பாதையில் ஒரு சோதனைச்சாவடி இருந்தது. ஒரு அறை, ஒரு மேஜை, வெளியே ஏற்றி இறக்கும் நீளக் கம்பம், அவ்வளவுதான். அந்தக் கம்பத்தைக் காத்ததால் அவளுக்குக் கேட்டுக்காரி என்றே பேராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் மட்டும் மிச்சம்.

காட்டைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்த வருஷம், உள்ளே போய்வரும் பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமென்று தேடினார்கள். பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவள், நாலெழுத்துப் படித்தவள், அகப்பட்டுக்கொண்டாள். சோதனையென்ன பெரிய சோதனை! புல்லுக்கும் சுள்ளிக்கும் போகிறவளிடம் இருக்கிற ஒரே குற்றப் பொருள் இடுப்பில் செருகிய அரிவாள். அதைப் பிடுங்கிக்கொண்டு திருப்பி அனுப்ப வேண்டும். பிடுங்கியதை உடைத்துப் பழைய இரும்போடு போட வேண்டும். இதுதான் உத்தரவு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். தடை வந்தபின் காடு தழைத்தது. செத்துக் கிடந்த ஊற்றில் மறுபடி தண்ணீர் வந்தது. கேட்டுக்காரிக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு அடுப்பெரிக்க விறகு வேண்டாமா? மாடு எதைத் தின்னும், காற்றையா? இதைக் கேட்கப் போன ஆண்கள் கைகலப்பில் இறங்கி ஜெயிலுக்குப் போனார்கள். ஒரு வனக்காவலருக்கு மண்டை உடைந்தது. அதற்கப்புறம் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சாவடிக்குப் பின்வழியாகப் போய்வந்தார்கள். காட்டுக்குப் போனீர்களா என்று யார் கேட்டாலும் 'இல்லவே இல்லை' என்பது தெருவுக்கே மனப்பாடம்.

முடிந்தவரை கேட்டுக்காரி வேறு பக்கம் பார்ப்பாள். அண்ணி அகப்பட்ட அன்று அது முடியவில்லை. மேலதிகாரி ரேஞ்சர் பக்கத்திலேயே நின்றார். அம்மா போனபின் இவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு ஆளாக்கிய அண்ணி. கேட்டுக்காரி அவள் இடுப்பிலிருந்து அரிவாளை உருவினாள்.

"வச்சுக்கடி, நீயே வச்சுக்க. இனிமே அண்ணன் வீடுன்னு வாசப்படி ஏறிடாத," என்றாள் அண்ணி.

அன்றோடு பேச்சு நின்றது. குழாயடியில் இவளைக் கண்டால் அண்ணி பாதிக் குடத்தோடு நடையைக் கட்டுவாள். அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்தான். அண்ணன் மகள் கல்யாணத்தைக்கூடக் கேட்டுக்காரி தெருமுனையில் நின்றுதான் பார்த்தாள்.

அந்த அரிவாளை உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதை உடைக்காதவள் மற்றவர்களுடையதை மட்டும் எந்த முகத்தோடு உடைப்பாள்? எல்லாவற்றையும் சாவடிக்குப் பின்னாலிருந்த தகர டிரம்மில் போட்டு, துருப்பிடிக்காமலிருக்க ஜீப்பில் மாற்றிய பழைய எண்ணெயை ஊற்றிவைத்தாள். "உடைச்சாச்சா?" என்று ரேஞ்சர் கேட்டால், "ஆச்சு சார்" என்பாள். வெளியே தெரிந்தால் வேலைக்கே உலை. தெரிந்துதான் செய்தாள்.

பிறகு சட்டம் மாறியது. காட்டை நம்பிப் பிழைப்பவர்களுக்குப் புல்லும் காய்ந்த விறகும் எடுக்க உரிமை உண்டு. ஆனால் இத்தனை வருஷமும் விடாமல் போய்வந்ததற்குச் சாட்சி வேண்டும். விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். சாவடிக்கு எதிரிலிருந்த பள்ளிக்கூட அறையில் கூட்டம். பக்கத்து நாற்காலியில், விறைப்பான சீருடையில், ரேஞ்சர்.

"நீங்கல்லாம் காட்டுக்குப் போறதுண்டா?" என்றார் அதிகாரி.

"ஐயையோ, காடு எந்தத் திசைன்னே தெரியாதும்மா," என்றாள் முதலில் இருந்தவள்.

"சத்தியமா இல்ல," என்றாள் அடுத்தவள்.

"அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்லைங்க," என்றாள் அண்ணி.

அதிகாரிக்குத் தலை சுற்றியது. "பயப்படாதீங்க. போனோம்னு சொன்னாத்தான் உங்களுக்கு நல்லது," என்று கெஞ்சிப் பார்த்தார். இப்படித் தேனொழுகக் கேட்டுவிட்டு அபராதம் போட்டவர்கள் எத்தனை பேர்! ஒருத்தியும் மசியவில்லை.

"அப்ப யாரும் போனதில்லைன்னு எழுதிடுறேன். மறு விசாரணை கிடையாது, பாத்துக்குங்க," என்று பேனாவை எடுத்தார்.

சுவரோரம் நின்ற கேட்டுக்காரி முன்னால் வந்தாள். இந்த ஒரு வரியோடு தெருவின் பிழைப்பு போயிற்று. "எழுதாதீங்கம்மா! அத்தனை பேரும் பொய் சொல்றாங்க," என்று கத்தினாள்.

"அடிப்பாவி! இன்னும் உனக்கு அடங்கலியா?" என்று கூட்டம் கொதித்தது. அவள் நிற்கவில்லை. சாவடிக்கு ஓடி, டிரம்மிலிருந்ததைச் சாக்கில் அள்ளி, எண்ணெய் சொட்டச் சொட்ட இழுத்துவந்து தரையில் கொட்டினாள்.

"எல்லாம் இவங்க இடுப்புலேருந்து நான் பிடுங்கினது. தடை வந்த நாள்லேருந்து போய்க்கிட்டுதான் இருக்காங்க. நானே சாட்சி."

பெண்கள் இது எந்தப் பக்கத்துப் பொறி என்று யோசித்தார்கள். கடைசியில் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, கம்பி சுத்தினது என் மாமியார் அருவால்ல!" என்று பாய்ந்து எடுத்தாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பிடியில் சுட்ட புள்ளி என்னுது, வெட்டுக் குறி உன்னுது என்று ஒரே தள்ளுமுள்ளு. அதிகாரியே சிரித்துவிட்டார்.

ரேஞ்சர் சிரிக்கவில்லை. "உடைச்சாச்சுன்னு சொன்னியே! யாரைக் கேட்டு இதை வச்சிருந்த?"

கேட்டுக்காரி வேலை போனதென்றே முடிவு கட்டிவிட்டாள்.

அண்ணி எழுந்து வந்தாள். தன் அரிவாளைத் தேடியெடுத்து, எண்ணெயை முந்தானையில் துடைத்தாள்.

"என்னைக் கேட்டுத்தான் சார். நீயே வச்சுக்கன்னு நான்தான் சொன்னேன். என் பேச்சைத் தட்டமாட்டா. நான் வளத்த பொண்ணு."

ரேஞ்சர் வாயெடுத்தார். "சாட்சியை மிரட்டாதீங்க சார்," என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

கேட்டுக்காரி சீருடையோடு, அத்தனை பேர் முன்னாலும், சின்னப் பிள்ளையாட்டம் விசும்பினாள். அண்ணி அவள் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எப்படிச் சிக்குப் பிடிச்சுக் கெடக்கு பாரு. சாயங்காலம் வீட்டுக்கு வா, வாரி விடுறேன்."